கண்டிச் சீமையிற் கண்ட கைத்தொழில் இல்லறம்

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவை எங்கள் ஊரவர் கண்டி வீதி என்றே வழங்குவர். கண்டியை ஒருமுறையேனும் எட்டிப் பாராத கிழவருங்கூட, "மகன் கண்டி வீதியிலே கடை வைத்திருக்கிறான்" என்று பெருமையோடு சொல்வதுண்டு. முந்நூற்றிருபது கிலோமீற்றருக்குச் சற்று மேலான அத்தெருவின் மறு நுனியிலே, மலைகள் சூழ்ந்த கிண்ணம்போல இருக்கிறது அந்நகரம். கொழும்பிலிருந்து வருவோர்க்கு 1867ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட புகையிரதப் பாதை உண்டு. கடுகண்ணாவைக் கணவாயிலே வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது ஒருபுறம் பாறையும் மறுபுறம் பாதாளமுமாகத் தோன்றும் காட்சியை எத்தனை முறை கண்டாலும் தெவிட்டாது.

தலதா மாளிகையையும், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வெட்டுவித்த வாவியையும், எசல பெரஹராவையும், பேராதனைப் பூங்காவையும்பற்றி எழுதாதவர் இல்லை. அவற்றையெல்லாம் நாங்களும் பார்த்தோம், பார்த்து மகிழ்ந்தோம். ஆனால் இம்முறை நாங்கள் கண்டிக்குச் சென்றது அவற்றுக்காக அன்று. எங்கள் வீட்டிலே ஏறக்குறைய ஒரு வருட காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. வாதி என் இல்லாள், பிரதிவாதி நான், நீதிபதி என்று எவரும் இல்லை. பாடசாலையிலே மனையியல் கற்பிக்கும் அவள், ஓய்வூதிய வயது வரும்வரை காத்திராமல் உத்தியோகத்தை விட்டுவிட்டு, வீட்டு வளவிலே இரண்டு தறிகள் போட்டு, செடிகொடிகளிலிருந்து சாயமெடுத்து, தன் கையால் நெய்து தன் கையால் விற்று வாழவேண்டும் என்கிறாள். நானும் காலக்கிரமத்தில் கல்லூரியை விட்டுத் தன்னோடு சேரவேண்டும் என்பது அவள் விண்ணப்பத்தின் இரண்டாவது பகுதி. மாதம் தவறாமல் சம்பளம் வாங்கிப் பழகியவன் நான். வெறும் வாதத்தினால் தீராத வழக்குக்குச் சாட்சி வேண்டுமல்லவா? கண்டிச் சீமையிலே சாட்சிகள் உண்டு என்று நான் அறிந்திருந்தேன். சென்ற விடுமுறையில் இருவருமாகப் புறப்பட்டோம்.

முதற்சாட்சி நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னே கண்டியிலே குடியிருந்த ஒரு தம்பதி.

1903ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்திறங்கினர் ஓர் இளம் கணவனும் மனைவியும். கணவருக்கு வயது இருபத்தைந்து. அவரை அறியாத தமிழர் இரார். சேர் முத்துக் குமாரசுவாமியின் ஏக புதல்வர் ஆனந்த குமாரசுவாமியே அவர். தந்தையார் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திலே பெயர்த்து இலண்டனிலே புகழ் நாட்டியவர். மகன் இரண்டு வயது நிரம்புமுன்பே காலமாகிவிட்டார். ஆங்கிலத் தாயாரால் இங்கிலாந்திலே வளர்க்கப்பட்ட ஆனந்தர், இலண்டன் பல்கலைக்கழகத்திலே நிலவியலும் தாவரவியலும் பயின்று, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக நியமனம் பெற்றார். இலங்கை மண்ணிலிருந்து தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளை உலகறியச் செய்ததில் அவருக்குப் பங்குண்டு.

அவருடைய துணைவியாரைப்பற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை. எதெல் பார்ட்ரிஜ் என்பது அவ்வம்மையாரின் கன்னிப் பெயர். 1872ஆம் ஆண்டு டெவன் மாகாணத்திலே, பார்ன்ஸ்டபிள் என்னும் சிற்றூரிலே, ஒரு மருந்துக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர். கணவரினும் ஐந்து வயது மூத்தவர். பியானோ வாசிக்கக் கற்றுத் தேறியபின், பிறர் வீடுகளிலே தங்கி அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியையாகச் சம்பளத்துக்கு இருந்தார். அக்காலத்து ஆங்கில நடுத்தர வகுப்புப் பெண்ணொருத்திக்கு மானத்தோடு கிடைக்கக்கூடிய தொழில்கள் சிலவே. அவற்றுள் இது ஒன்று. பிறர் வீட்டு மேசையிலே, எசமானியும் அல்லாமல் வேலைக்காரியும் அல்லாமல், நடுவிலே உட்கார்ந்து உண்ணும் வாழ்வு அது. 1902ஆம் ஆண்டிலே இருவருக்கும் திருமணம் நடந்தது. கையினாற் செய்யும் தொழிலே மனிதனுக்கு இன்பமும் விடுதலையும் தருவது என்று போதித்த ரஸ்கின், வில்லியம் மொறிஸ் முதலியோரின் கருத்துக்கள் இருவர் நெஞ்சிலும் ஊறியிருந்தன.

கண்டியிலே அவர்கள் குடியமர்ந்தார்கள். கணவர் கல்லைத் தேடி மலைமலையாக அலைந்தார். மனைவியும் உடன் சென்றார். கல்லைத் தேடிப் போன இடங்களிலெல்லாம் அவர்களுடைய கண்ணிற் பட்டவை வேறு: ஓவியம் தீட்டிய விகாரைச் சுவர்கள், தந்தச் சீப்புகள், அரக்கு வேலைப்பாடமைந்த கோல்கள், வெள்ளிச் சுண்ணாம்புச் சிமிழ்கள். அவற்றைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊர்களிலே கூலிக்கு மண்வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனந்தர் 1905ஆம் ஆண்டிலே கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, உங்கள் முன்னோர் கட்டிய பழங் கட்டடங்களை நீங்களே காவாவிடின் வேறு யார் காப்பார் என்று இடித்துரைத்தார். அதே ஆண்டிலே இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கமும் தோன்றியது. அவரே அதன் தலைவர்.

அந்தக் கைவினைஞர்களின் உலகத்தைக் கண்ணாற் காண விரும்புவோர் கண்டியிலிருந்து மேற்கே உடுநுவரைக்குச் செல்லவேண்டும். பேராதனையைக் கடந்து, பித்தளைக் குத்துவிளக்குகளும் மர யானைகளும் தெருவோரம் அணிவகுக்கும் பிலிமத்தலாவையிலே திரும்பினால், மூன்று பழந் தலங்களை ஒரே நாளிலே தரிசிக்கலாம். கடலாதெனியாவும் லங்காதிலகவும் 1344ஆம் ஆண்டின. முன்னதைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. பெயரைக் கேட்டதுமே அவர் எத்திசையிலிருந்து வந்தவர் என்று விளங்குகிறதல்லவா? கருங்கல்லிலே அமைந்த அந்த விகாரையின் முன்னே நின்றால், தமிழ்நாட்டுக் கோயில் ஒன்று வழிதவறி மலைநாட்டுக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். லங்காதிலகப் பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் இருக்கிறது.

எம்பெக்கவிலேதான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயம் அது, எங்கள் முருகன்தான். மேளம் முழங்கும் முன்மண்டபத்தின் மரத்தூண்கள் ஒவ்வொன்றிலும் நாற்புறமும் செதுக்கு வேலை. மல்யுத்தம் செய்வோர், கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் புள், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், ஆடும் மங்கை. ஒன்றைப்போல மற்றொன்று இல்லை. மேலே அண்ணாந்து பார்த்தால் கூரையின் இருபத்தாறு கைமரங்களையும் ஒரே மர ஆணி கோத்துப் பிடித்து நிற்பதைக் காணலாம். என் இல்லாள் தூண்களை விட்டுவிட்டு அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் எவ்வாறு சீவித்தார்கள்? கூலி வாங்கினார்களா? இல்லை. கண்டி இராச்சியத்திலே கைவினைஞனுக்குச் சம்பளம் நெல்வயல். தட்டாருக்கு ஒரு பங்கு, கொல்லருக்கு ஒரு பங்கு, குயவருக்கு ஒரு பங்கு, மேளம் அடிப்பவருக்கு ஒரு பங்கு என்று அரசனோ விகாரையோ தேவாலயமோ நிலம் வழங்கியிருக்கும். அந்நிலத்தை உழுது உண்பவர், ஆண்டிலே குறித்த சில நாட்கள் தம் தொழிலைச் செய்து கொடுக்கவேண்டும். இதற்கு இராஜகாரியம் என்று பெயர். எஞ்சிய நாட்கள் அவருடையவை. அடுப்பிலே உலை வைக்க நெல் இருந்தபடியால், ஒரு சீப்பைச் செதுக்க ஒரு மாதம் சென்றாலும் அவர் அஞ்சவில்லை. வேலையை அவசரப்படுத்துவது பசி; பசி இல்லாத இடத்திலே கை தன் விருப்பப்படி நடந்தது.

இதைப் பொற்காலம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். இந்த ஏற்பாட்டிலே சாதிக்கு ஒரு தொழில், தொழிலுக்கு ஒரு சாதி. தட்டாரின் மகன் தட்டார். வேறொன்றாக அவன் விரும்பினாலும் இயலாது. அரசனுடைய இராஜகாரியத்திலே கொடுமையும் மலிந்திருந்தது. 1815ஆம் ஆண்டிலே இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அந்த உடன்படிக்கையிலே கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழெழுத்திலே கையொப்பமிட்டிருப்பது நம்மவர் அறிந்து வியக்கும் செய்தி. 1832ஆம் ஆண்டிலே அரச ஊழியமாகிய இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலய நிலங்களிலே எஞ்சியிருந்த ஊழியத்தையும் பணமாக மாற்றிச் செலுத்தலாம் என்று 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. விடுதலைதான்; மறுப்பதற்கில்லை. ஆனால் எசமானோடு வயலும் போய்விட்ட வீடுகள் பல. அரண்மனை இல்லை, செய்வித்து வாங்குவாரும் இல்லை. செதுக்கத் தெரிந்த கை செதுக்குவதை நிறுத்திற்று. அதே காலத்திலே கோப்பித் தோட்டங்களுக்காகக் கடல் கடந்து அழைத்து வரப்பட்ட எம்மவர், மன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்து இம்மலைகளை அடைந்தனர். அவர்களுக்கு எசமான் இருந்தான். காலடி மண் மட்டும் இல்லை. கணவனும் மனைவியும் ஒரே பெரட்டிலே பெயர் கொடுத்து, ஒரே லயத்து அறையிலே படுத்து, தலைமுறை தலைமுறையாக உழைத்தும், நின்ற நிலத்திலே ஒரு முருங்கை நடுவதற்கும் பிறர் சம்மதம் வேண்டியிருந்தது. கண்டிக்குப் போகும் யாழ்ப்பாணத்தவர் தேயிலைச் சரிவின் அழகைப் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு நின்றுவிடலாகாது.

இடையிலே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். எம்பெக்கவுக்கு அணித்தாக எலதெத்த என்றொரு கிராமம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலே கண்டி மன்னனிடம் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன் அங்கேதான் வீடும் வளவும் வாங்கி வாழ்ந்தான். சிறைக்கூடம் இல்லாத சிறை அது. ஊரைவிட்டு ஓடக்கூடாது, அவ்வளவே. அவனும் தோழர்களும் செய்தது என்ன தெரியுமா? நூலெடுத்துத் தொப்பி பின்னி விற்றார்கள்! பின்னர் நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினான். ஊர் ஊராகச் சரக்கு விற்கப் போய் வழிகளைக் கண்டறிந்து, 1679ஆம் ஆண்டிலே தப்பியும் விட்டான். கைதியாக இருந்தும் கைத்தொழிலாற் சுதந்திரம் தேடியவன் அவன். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து என் இல்லாள் எங்கள் வழக்கிலே அவனையும் தன் பக்கத்துச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டாள்.

எதெல் அம்மையாரிடம் மீள்வோம். கணவர் கைவினைகளைப்பற்றிக் குறிப்பெழுதினார். மனைவி அவற்றைப் படம் பிடித்தார். அதனோடு நில்லாமல் கண்டிப் பெண்களின் தையல் வேலையைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு தையலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஆராய்ந்தார். பழைய அரண்மனையின் ஒரு பகுதியிலே இயங்கும் கண்டி நூதனசாலைக்குச் சென்றால் வெற்றிலைப் பைகளைப் பாருங்கள். கைத்தறித் துணியிலே சிவப்பும் நீலமுமான நூலால், சங்கிலித் தையலிலே இழைத்த கொடியும் பூவும். ஓரங்களிலே நெருக்கமாகப் பின்னிய கரை. பிரபுக்கள் இடையிலும் தோளிலும் கொண்டு திரிந்த அப்பைகளைத் தைத்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர்களுடைய தையலைப்பற்றி முதன்முதலாக ஒழுங்காக எழுதியவர்களுள் எதெல் அம்மையார் ஒருவர்.

1907ஆம் ஆண்டிலே தம்பதி இங்கிலாந்துக்குத் திரும்பினர். புரோட் கம்டன் என்னும் கிராமத்திலே பாழடைந்து கிடந்த பழைய சிற்றாலயம் ஒன்றைப் புதுக்கி வீடாக்கிக்கொண்டனர். வில்லியம் மொறிஸ் தம் நூல்களை அச்சிட்ட அதே கையச்சு இயந்திரத்தை அந்த வீட்டிலே வைத்து, ஏறக்குறைய பதினைந்து மாதம் உழைத்து, மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை அச்சிட்டனர். 1908ஆம் ஆண்டின் இறுதியிலே வேலை முடிந்தது. 425 பிரதிகள்தாம். கண்டிக் கைவினைஞரைப்பற்றிய நூல், கைவினை முறையிலேயே, ஆசிரியர் வீட்டிலேயே உருவானது பொருத்தந்தானே! தையல் வேலைபற்றிய பகுதிக்கு ஆதாரம் அம்மையாரின் உழைப்பு. கணவனும் மனைவியும் ஒரே இலட்சியத்துக்காக ஒரே கூரையின் கீழ் உழைத்த அந்த வாழ்வைக் கேள்விப்படுகிறவர்களுக்கு, "ஆகா, இதுவல்லவோ இல்லறம்!" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் இல்லாளோ, "அந்த அச்சுக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தந்தையார் வைத்துச் சென்ற செல்வம் ஆனந்தருக்கு இருந்தது. பிழைப்பதற்காக அவர் நூலச்சிடவில்லை.

அந்த இல்லறம் நிலைக்கவுமில்லை. 1910ஆம் ஆண்டளவிலே இருவரும் பிரிந்தனர். பின்னர் மணமுறிவு ஏற்பட்டது. ஆனந்தர் வேறு துணை தேடினார். அறிஞர் உலகம் அவரை எங்கெங்கோ அழைத்துச் சென்று, 1917ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலே பொஸ்டன் நூதனசாலையின் உத்தியோகத்தராக்கிற்று. 1947ஆம் ஆண்டிலே மறையும்வரை அங்கேயே இருந்தார். அவர் எழுதியவை நமக்கெல்லாம் கருவூலம். அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் கைத்தொழிலே வாழ்வு என்று எழுதியவர் சம்பளத்திலேதான் இருந்தார். அதை வாழ்ந்து காட்டியவர் பிரிந்து போன மனைவியார்.

நாற்பதை எட்டும் வயதிலே, தனித்து நின்ற அப்பெண்மணி தம் சொந்த மாகாணத்துக்குத் திரும்பி, தறியொன்றை அமைத்து நூல் நூற்கவும் நெய்யவும் சாயமிடவும் தாமாகவே பழகினார். 1913ஆம் ஆண்டிலே பிலிப் மெயிரே என்பவரை மணந்து எதெல் மெயிரே ஆனார். 1916ஆம் ஆண்டிலே தாவரச் சாயங்களைப்பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டது. சசெக்ஸ் மாகாணத்து டிச்சிலிங் என்னும் கிராமத்திலே, கொஸ்பெல்ஸ் என்று பெயரிட்ட வீட்டையும் பட்டறையையும் கட்டினார். வீடும் பட்டறையும் ஒன்று. நெய்த துணியை விற்ற பணத்திலே பட்டறை நடந்தது. இளம் பெண்கள் பலர் வந்து தங்கிப் பயின்று, தத்தம் ஊர்களிலே தறி போட்டனர். தொழிற்கலை வடிவமைப்பாளருக்கு அந்நாட்டிலே வழங்கப்படும் உயர்ந்த விருதைப் பெற்ற முதற்பெண்மணி அவரே. 1952ஆம் ஆண்டிலே, எண்பதாவது வயதிலே, அதே டிச்சிலிங்கிலே காலமானார்.

கண்டியிலே கற்ற பாடந்தான் அவரை நெசவாளியாக்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆங்கில நாட்டிலும் அக்காலத்திலே கைவினை இயக்கம் ஓங்கியிருந்தது. ஆயினும் பிறர் வீட்டிலே சம்பளத்துக்கிருந்த ஆசிரியை ஒருத்தி, ஊசியும் நூலும் ஒரு வீட்டையே தாங்கக்கூடும் என்பதை முதலிலே கண்ட இடங்களுள் இந்த மலைநாடும் ஒன்று.

இரண்டாவது சாட்சியைத் தேடி மறுநாள் கிழக்கே சென்றோம். மகாவலியைத் தாண்டினால் தும்பறைப் பள்ளத்தாக்கு. அங்கே ஹேனவல என்னும் கிராமத்திலே நெய்யப்படும் பாய்களையும் சுவர்த்தொங்கல்களையும் தும்பறைப் பாய் என்று உலகமே அறியும். 2021ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிலே இந்நெசவையும் சேர்த்தது. பட்டியலிலே இடம்பெற்ற பெருமைக்குரியவர்கள் யார்? பழைய கண்டிச் சமூகத்திலே சாதி வரிசையின் அடியிலே வைக்கப்பட்டிருந்த மக்கள். அரண்மனைக்கும் விகாரைக்கும் பாய் வேண்டும். பாய் நெய்தவன் வாசலிலே நிற்கவேண்டும். யாழ்ப்பாணத்தவராகிய நாம் இதைக் கேட்டுப் பிறரைப் பழிக்க வாயில்லாதவர்கள்.

நாங்கள் சென்ற வீட்டிலே கணவன், மனைவி, படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு மகள். ஹண என்னும் கற்றாழை இனத்துச் செடியின் தடித்த இலையை மரக்கட்டையின்மேல் வைத்து, மழுங்கிய தகட்டினால் இழுத்து இழுத்துச் சதையைச் சுரண்டினால் வெண்ணிறமான நார் வெளிப்படும். அதைக் கழுவி உலர்த்திச் சீவி, சாயமிட்டு, பின்னரே தறிக்குக் கொண்டுவருகிறார்கள். பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்தாற் சிவப்பு. மரமஞ்சட் கொடியிலிருந்து மஞ்சள். நாரின் வெண்மையே நான்காவது நிறமாகிக் கறுப்புக்கு எடுப்பாக நிற்கிறது. நிலத்தோடு ஒட்டிய தறியிலே உட்கார்ந்து, மான், மயில், அன்னம், கோணல் கோணலான கட்டங்கள் என்று கணக்குப் பிசகாமல் இழையை எடுக்கிறார்கள். கடதாசியிலே வரைந்த மாதிரி ஒன்றும் அருகிலே இல்லை.

எனக்குச் சிங்களம் பேசவரும்; என் இல்லாளுக்குப் பாதி விளங்கும். ஆனால் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் "அக்கா" என்று அழைத்துக்கொண்ட பின்னர் மொழிபெயர்ப்பாளருக்கு அதிக வேலை இருக்கவில்லை. அச்சொல் இரு மொழிக்கும் பொது.

என் இல்லாள் கேட்டவை பாயின் அழகைப்பற்றியவை அல்ல. நார் எடுக்க எத்தனை நாள், நெய்ய எத்தனை நாள்? கடைக்காரர் பணத்தை எப்போது தருவார்? கணக்கு யார் கையில்? அந்த அம்மையாரும் ஒளியாமல் மறுமொழி சொன்னார். நெசவை விட நாருக்கே அதிக நாள் செல்கிறது. அந்த நாளுக்கு விலை போட எவரும் சம்மதிப்பதில்லை. வீட்டுக்கு வந்து வாங்குவோரிடம் கிடைப்பதற்கும், கண்டி நகரத்துக் கடைக்குக் கொடுத்தாற் கிடைப்பதற்கும் வித்தியாசம் அதிகம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபின் வெளிநாட்டார் வரவு நின்றது. மறு ஆண்டிலே பெருந்தொற்று. அது தணிந்து நிமிர்வதற்குள் 2022ஆம் ஆண்டிலே எண்ணெயும் எரிவாயுவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. நெய்த பாய்கள் சுருட்டியபடியே மூலையிலே கிடந்தன. "அப்பொழுது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம். கணவர் வீட்டின் பின்புறத்தைக் காட்டினார். கால் ஏக்கருக்கும் குறைந்த துண்டு. மரவள்ளி, கீரை, இரண்டு பலாமரம், ஓரமெல்லாம் ஹணச் செடி. அத்தோடு அவர் ஊரிலே கூலி வேலைக்கும் போனார். தறியை மட்டும் விற்கவில்லை.

அந்தத் துண்டு நிலத்தைப் பார்த்தபோது பழைய கண்டிக் கைவினைஞனின் நெல்வயல் என் நினைவுக்கு வந்தது. எசமான் இல்லாத தொழிலாளிக்கும் எசமானர் உண்டு: வாங்குவோரும், இடைத்தரகரும், காலமும் சேர்ந்து எசமானராகி விடுகின்றனர். அவர்கள் மூவரும் ஒருங்கே முகந்திருப்பிய ஆண்டுகளிலே இந்த வீட்டைத் தாங்கியது அந்தப் பலாமரம். எங்கள் வழக்கிலே இது எனக்குச் சாதகமான சாட்சியம் என்று நினைத்து, தெருவுக்கு வந்ததும் சொன்னேன். "ஏன், எங்கள் வளவிலே பலா இல்லையா? கிணறும் இருக்கிறது, பன்னிரண்டு பனையும் இருக்கின்றன" என்றாள் அவள். "அத்தோடு, நான் விடப்போவது உத்தியோகத்தை, நீங்கள் இன்னும் சில காலம் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே இருப்பீர்கள்?" அவளுடைய திட்டத்திலே என் சம்பளந்தான் நெல்வயல் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

நாங்கள் தெருவிலே நின்று இவ்வாறு வாதாடுவதைக் கண்டு அந்த மகள் ஓடிவந்து, அம்மா தேநீர் போட்டிருக்கிறாள், குடித்துவிட்டுப் போகவேண்டும் என்று மீண்டும் அழைத்துச் சென்றாள். தறியிலே பாதியளவு நெய்யப்பட்டிருந்த சுவர்த்தொங்கலை விலைக்குக் கேட்டேன். அது யாரோ ஒருவர் முன்பணம் கொடுத்துச் செய்விப்பது. தரமுடியாது என்றார் அம்மையார். இரட்டிப்பு விலை தருவதாகச் சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே தலையசைத்தார். மகளைப்பற்றி விசாரித்தேன். நகரத்திலே ஒரு காரியாலயத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். "கிடைத்தால் அனுப்புவீர்களா?" என்று கேட்டதற்குத் தாய், "அவள் விருப்பம். போனாலும் நெய்யத் தெரியுமே" என்றார்.

இதற்குள் என் இல்லாள் சேலைத் தலைப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு சுரண்டு கட்டையின் முன்னே உட்கார்ந்துவிட்டாள். முதல் இலை நடுவிலே அறுந்தது. இரண்டாவது இலையிலே நாரோடு சதையும் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்திலே குந்தியிருந்த அம்மையார், தகட்டைச் சாய்த்துப் பிடிக்கும்படி அவள் மணிக்கட்டைத் திருப்பிவிட்டார். கண்டிக்குப் போகும் பஸ்வண்டி சந்தியிலே ஊதும் சத்தம் கேட்டது. அடுத்த வண்டி ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னரே என்று கணவர் எனக்குச் சொன்னார். அதை நான் அவளிடம் சொன்னேன். "சரி, அதிலே போவோம்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது இலையை எடுத்தாள்.